மீசை வரைந்த பொம்மை

— குடுக்க மாட்டேன் டீச்சர். தோ பாருங்க, கோச்சிக்காதீங்க. அத மஞ்சத் துணியில முடிஞ்சி இடுப்புல சொருகி வெச்சிருக்கேன். மூணு நாளைக்கு அவுக்கறதா இல்ல.

— அம்சவள்ளி, நீ முடிஞ்சி வெச்சிருக்கறது பால்வாடி பொம்மை. வீடு, கட்டில், அடுப்பு, அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, நாய்க்குட்டின்னு பெட்டியில மொத்தம் பதினெட்டு உருப்படி வந்துது. இன்னிக்கு பதினேழுதான் இருக்குது. மூணு தடவ எண்ணிட்டேன். எனக்குத்தான் எண்ணத் தெரியலையோன்னு ஆயா சின்னப்பாப்பா அக்காவையும் எண்ணச் சொன்னேன்.

— பதினேழே இருந்துட்டுப் போகட்டும்.

— எப்படிம்மா? காலையிலருந்து புள்ளைங்க அந்தப் பொம்மை வீட்டச் சுத்தி உக்காந்துக்கிட்டு அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேக்குதுங்க. கடைசியில தாத்தா பொம்மைதான் வேலைக்குப் போச்சு. கைத்தடியோட.

— ஐய, வயசான காலத்துல அத இன்னாத்துக்கு வேலைக்கு அனுப்பறீங்க?

— நானா அனுப்புனேன்? உன் பொண்ணு பூவிழி மட்டும் அந்த ஆட்டத்துக்கே வரல. மூலையில போய் உக்காந்துக்கிட்டா. அப்பா பொம்மை எங்கடின்னு கேட்டா, வாய இறுக்கி மூடிக்கறா.

— அவ எப்படி சொல்லுவா டீச்சர். செய்யறத செஞ்சிட்டாளே.

— அதத்தான் நான் கேக்கறேன். என்ன செஞ்சா? நேத்து நான் மரக்காணத்துல மீட்டிங் போயிட்டேன். இன்னிக்கு வந்து கதவத் தொறந்தா, சின்னப்பாப்பா அக்கா என்னப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்குது. 'நீ வாங்கி வெச்ச பொம்மையால ஒரு குடும்பமே தவிச்சி நிக்குது'ன்னு சொல்லுது. நான் வாங்கல, கவர்மெண்டு அனுப்பிச்சுதுன்னா காதுலயே போட்டுக்கல. நீயாவது மொதல்லருந்து சொல்லு. ஒண்ணொண்ணா சொல்லு.

— நேத்து சின்னப்பாப்பா அக்கா சாம்பார் சாதத்துக்கு உப்பு போடலாம்னு டப்பாவத் தொறந்திருக்குது. காலி. யாரோ சுத்தமா வழிச்சி எடுத்திருக்காங்க. உப்பளத்து ஊர்ல பால்வாடியில உப்பு இல்லன்னா வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு, பக்கத்து வீட்டுல ஒரு கை வாங்க பின்பக்கமா போயிருக்குது. போனா, வாசப்படியிலருந்து தண்ணித் தொட்டி வரைக்கும் தரையில உப்பு சிந்திக் கெடக்குது. அது பின்னாடியே போயிருக்குது.

— சரி.

— தொட்டிக்கு அந்தாண்ட ஒரு மேடு. ஒரு முழம் நீளம். மேல ஓலை. கரண்டியால தள்ளிப் பாத்தா உள்ள பூரா உப்பு. உப்புக்குள்ள அப்பா பொம்மை மல்லாக்கப் படுத்திருக்குது. கண்ண தொறந்துக்கிட்டு.

— பொம்மைக்கு கண்ணு எப்பவும் தொறந்துதான் இருக்கும் அம்சவள்ளி.

— அந்த நேரத்துல அது யாருக்கு ஞாபகம் வரும்? அது மட்டுமா. தலமாட்டுல அம்மா பொம்மை நின்னுக்கிட்டிருக்குது. வெள்ளப் புடவை கட்டிக்கிட்டு.

— ஐயோ ஆண்டவரே. வெள்ளப் புடவை இல்லம்மா அது! பேண்டேஜ் துணி. நான்தான் முதலுதவிப் பெட்டியிலருந்து கிழிச்சிக் குடுத்தேன். அந்த பொம்மை கவுன் போட்டு வந்துது. 'இது அம்மா இல்ல, நர்ஸு'ன்னு ஒரு புள்ளையும் ஒத்துக்கல. புடவை கட்டினாத்தான் அம்மாவாம். எங்கிட்ட வேற துணி இல்ல.

— கலர்த் துணி கேட்டிருந்தா நான் ஜாக்கெட்டு வெட்டின துண்டு குடுத்திருப்பேனே.

— தோணல. எனக்கு எதுதான் சரியா தோணுது? அந்த அப்பா பொம்மையும் இப்படித்தான். டை கட்டிக்கிட்டு, ஷூ போட்டுக்கிட்டு, மூஞ்சி மொழுமொழுன்னு இருந்துது. 'இது அப்பா இல்ல, பேங்க்காரு'ன்னுட்டாங்க. சரின்னு மார்க்கர்ல ஒரு மீசை வரைஞ்சேன். வரைஞ்ச கையோட உன் பொண்ணு 'எங்க அப்பா, எங்க அப்பா'ன்னு புடுங்கிக்கிட்டா.

— அவ்ளோ பெரிய முறுக்கு மீசை வரைவீங்களா டீச்சர்? அச்சு அசல் அவரு மாதிரியே இருக்குது. அதப் பாத்துதான் எனக்கு ஈரக்குல நடுங்கிடுச்சி.

— பயந்தா பொம்மைய உன் இடுப்புல ஏன் சொருகிக்கிட்ட?

— பின்ன? உப்புக்குள்ள மறுபடி தூக்கிப் போடவா? தண்ணி ஊத்திக் கழுவி, மஞ்சத் துணியில சுத்தி, வேண்டிக்கிட்டு வெச்சிருக்கேன். அவரு மாதிரி இருக்குற உருவம் டீச்சர். பொறுப்பா இருக்கணுமில்ல.

— கொழந்த மண்ணுல விளையாடியிருக்குது. அவ்வளவுதான். இதுக்குப் போய்...

— உப்பு எதுக்கு டீச்சர் போட்டா? மண்ணுல விளையாடறவ மண்ணப் போட வேண்டியதுதான? எங்க ஆளுங்கள்ல பொதைக்கறப்ப குழியில உப்பு கொட்டுவாங்க. போன ஆனி மாசம் எங்க மாமனார் தவறினாரே, அப்ப பொம்பளைங்க நாங்க தெருமுனையோட நின்னுட்டோம். பூவிழி அவ அப்பாவ விட மாட்டேன்னு ஒரே அழுக. அவரும் தோள்ல தூக்கிட்டு சுடுகாட்டுக்கே போயிட்டாரு. கொழந்தைய எடுத்துட்டுப் போகாதன்னு எத்தினி பேரு சொன்னாங்க. உப்பு மூட்டைய அவுத்து உள்ள கொட்டினது, மண்ணு தள்ளினது, எல்லாத்தையும் பாத்துட்டு வந்துச்சு இந்த புள்ள.

— அது சரி. அத பாத்துட்டு...

— இப்ப அவ அப்பா வர்ற வியாழக்கிழமை ஏரோப்ளேன் ஏறப் போறாரு. மஸ்கட்டு. ரெண்டு வருஷம். ஊரே சொல்லுது டீச்சர், புள்ள கையால கெட்ட வாக்கு வந்துடுச்சின்னு. போகவே கூடாதுன்னு.

— வா. பின்னாடி போய்ப் பாக்கலாம்.

— எதுக்கு? அதான் சொன்னேனே.

— நான் பாக்கல இல்ல? எதையும் பாக்காம எனக்குப் பேச வராது. செருப்பப் போட்டுக்க, தொட்டியாண்ட முள்ளு கெடக்குது.

— தோ, தொட்டிக்கு அந்தாண்ட. பாத்துக்குங்க.

— இதுதானா? இந்தப் பக்கம் எல்லாம் சின்னப்பாப்பா அக்கா மிதிச்சி வெச்சிருக்குது. அந்தப் பக்கம் அப்படியே இருக்குது. அம்சவள்ளி, நான் ஒண்ணொண்ணா கேக்கறேன். உப்பளம் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. இரும்பையிலருந்து வாக்கப்பட்டு வந்தவ, பஸ்ல போக வர பாக்கறதோட சரி. தப்பா கேட்டா திருத்து.

— கேளுங்க.

— பொதைக்கணும்னா பள்ளம் வெட்டணும். இங்க பள்ளம் எங்க? தரைக்கு மேலதான் கொட்டியிருக்குது.

— ம்.

— மேல ஓலை. பொதைச்ச எடத்துல பூ போடுவாங்க, மாலை போடுவாங்க. ஓலையாலயா மூடுவாங்க? அதுவும் சும்மா போடல. மேட்டோட அளவுக்கு நறுக்கி, சரிவா போட்டு, காத்துல பறக்காம நாலு மூலைக்கும் கல்லு வெச்சிருக்குது.

— ம்.

— சுத்தி வாய்க்கா. பாரு, இந்தப் பக்கம் பாரு. விரல் அகலத்துக்கு, நூல் புடிச்ச மாதிரி. தொட்டித் தண்ணி வழிஞ்சா கூட மேட்டாண்ட வராம அந்தாண்ட ஓடிடும். நாலு வயசுப் புள்ள கையா இது?

— ரத்தம் டீச்சர். அவங்க அப்பா வரப்பு போட்டா அதுமேல எறும்பு கூட நேராத்தான் போகும்.

— அப்ப நீயே சொல்லு. மழ வர்றதுக்கு முன்ன நீங்க உப்ப மலையாட்டம் குவிச்சி, ஓலை போட்டு மூடி, சுத்தி வாய்க்கா வெட்டி வெக்கறீங்களே, ரோட்டோரமா வரிசையா நிக்குதே. இது அதுதான? அதுக்குப் பேரு கூட என்னமோ சொல்லுவீங்க. நான் தப்பா சொல்றனா?

— அம்பாரம்.

— ஆங், அம்பாரம். பாத்தியா! குழி இல்ல, கெட்ட வாக்கு இல்ல. இப்ப நிம்மதியா? அந்த முடிச்ச அவுத்து பொம்மையக் குடு.

— எனக்குத் தெரியும் டீச்சர்.

— எது?

— அது அம்பாரம்னு. நேத்தே தெரியும். சின்னப்பாப்பா அக்கா வந்து உப்புப் பாத்தியில நின்னு குய்யோ முறையோன்னு கத்தி, நான் அடிச்சிப் புடிச்சி ஓடியாந்து பாத்தேனே, பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சி. பதினோரு வருஷமா உப்பு செமக்கறவ நான். அம்பாரத்துக்கும் குழிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா?

— அப்புறம் எதுக்கும்மா ஈரக்குல நடுங்கிச்சின்னு சொன்ன?

— அது நெசம். மூடி வெச்ச அம்பாரத்துக்குள்ள அந்த மீசை தெரிஞ்சிது பாருங்க, அப்பத்தான் நடுங்கிச்சி. இந்தாளு போயிடுவாரு, நான் தனியா நிக்கப் போறேன்னு அப்பத்தான் ஒறச்சிது. குழின்னு சின்னப்பாப்பா அக்காதான் கத்துச்சு. நான் இல்லன்னு சொல்லல. அப்படியே அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போயி, 'புள்ள ஒன்ன பொதைச்சி வெச்சிருக்குதுய்யா'ன்னு அவருகிட்ட சொல்லிட்டேன்.

— அம்சவள்ளி!

— திட்டுங்க. திட்டறதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுக்குங்க. அவர அனுப்பறதே நான்தான். ஒரு வருஷமா நச்சரிச்சேன். அனுமந்தையில எங்க அண்ணன் மாடி வீடு கட்டிட்டான். எங்க வீடு செவுரு எழும்பி ரெண்டு வருஷமாவுது, மேல தளம் இல்ல. தார்ப்பாய்தான். பூவிழி உங்க பொம்மை வீட்டப் பாத்துட்டு வந்து அன்னிக்கு என்ன சொன்னா தெரியுமா? 'அம்மா, பால்வாடி வீடும் நம்ம வீடு மாதிரியே, மேல ஒண்ணுமில்ல'ன்னா.

— அது புள்ளைங்க உள்ள கைய விட்டு விளையாடணும்னு கூரை வெக்காம செஞ்சது.

— பொம்மைக்கு சரி. எங்களுக்கு மேலருந்து யாரு கைய விட்டு விளையாடறது? அந்த ஆத்திரத்துலதான் சொன்னேன். 'ஊர்ல ஆம்பளைங்க கடலத் தாண்டிப் போறாங்க, நீ வரப்பத் தாண்ட மாட்டேங்கறியே'ன்னு. நாலு பேரு முன்னாடி சொன்னேன். மறுநாளே கோட்டக்குப்பத்துக்குப் போயி, அங்க ஒரு பாயப் பாத்து, எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டு வந்துட்டாரு. நல்ல மனுஷன் அந்த பாய். அவரு தம்பி வேல செய்யற கம்பெனியிலயே எடம்.

— நல்லதுதான? நீ நெனச்சது நடந்துது.

— நடந்துது. பெட்டி வந்துது. அவரு சட்டைய மடிச்சி உள்ள வெச்சேன் பாருங்க, அன்னிக்கு ஆரம்பிச்சது. மறுநாள் பாத்தியில அவரு உப்ப வாரி கூடைய ரொப்பினாரு. எப்பவும் போல ஒரு பக்கம் அவரு, ஒரு பக்கம் நான், தூக்கி என் தலைல வெச்சாரு. கூடைய நாமளே தனியா தலைக்கு ஏத்திக்க முடியாது டீச்சர். எவ்ளோ பலம் இருந்தாலும் முடியாது. எதிர்ல ஒரு கை வேணும். வர்ற தை மாசம் பாத்திய மிதிச்சி மறுபடி உப்பு வெளையறப்போ, என் கூடைய யாரு தூக்கி விடுவா?

— பக்கத்துப் பாத்தியில யாராவது...

— தூக்கி விடுவாங்க. நான் அதச் சொல்லல.

— புரியுது.

— அவரு தூக்கி வெக்கறப்ப ஒவ்வொரு வாட்டியும் 'ஹோய், ராணிக்கு கிரீடம்'னு சொல்லுவாரு. பதினோரு வருஷமா அதே மொக்க ஜோக்கு. நானும் பதினோரு வருஷமா சிரிச்சதில்ல.

— சிரிச்சிட வேண்டியதுதான? போகாதன்னு சொல்லிட வேண்டியதுதான? வாய் இருக்குதே.

— சொன்ன வாய்தான டீச்சர் அது. வரப்பத் தாண்ட மாட்டேங்கறியேன்னு கேட்ட வாயால, போகாதன்னு எப்படி சொல்லுவேன்? அது கெடக்கட்டும், அவரு ஆசையா இருக்காரே. 'போறேன் அம்சு, தளம் போட்டுடலாம் அம்சு, உனக்கு சென்ட் பாட்டில் வாங்கியாறேன் அம்சு'ன்னு பாட்டா பாடறாரு. அவரு ஆசையில நான் மண்ணள்ளிப் போடணுமா?

— அதனால உப்பள்ளிப் போட்ட.

— நான் போடல. என் பொண்ணு போட்டா. சாமியே அனுப்பின மாதிரி எதுக்கால வந்து நின்னுது. புடிச்சிக்கிட்டேன்.

— உன் வீட்டுக்காரரு மாயவன் என்ன சொன்னாரு?

— அதுதான் டீச்சர் அதிசயம். பூனை குறுக்க போனா 'வா ராசா'ன்னு கூப்புட்டு தடவிக் குடுக்கற மனுஷன். பல்லி கத்தினா கூட பதில் சொல்லுவாரு. இதக் கேட்டதும் அப்படியே உக்காந்துட்டாரு. கொஞ்ச நேரம் மேல தார்ப்பாயவே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், 'புள்ள கை பொய் சொல்லாது அம்சு'ன்னாரு. ராத்திரி சோறு ரெண்டு வாட்டி போட்டுக்கிட்டாரு. கவலைன்னா சில பேருக்கு அப்படித்தான் பசிக்கும்.

— இங்க வந்து பாத்தாரா?

— பாக்கல. வாய்யா போய்ப் பாக்கலாம்னு கூட சொன்னேன், ஒரு பேச்சுக்கு. 'அத வேற என் கண்ணால பாக்கணுமா'ன்னுட்டாரு. நல்ல வேள. பாத்திருந்தா ஒரு நொடியில அம்பாரம்னு கண்டு புடிச்சிருப்பாரு.

— அப்ப போகப் போறதில்லன்னு முடிவே பண்ணிட்டாரா?

— இன்னும் இல்ல. இன்னிக்கு பொழுது சாயறதுக்குள்ள பாய்க்கு ஒரு வார்த்த சொல்லணும். இவரு போகலன்னா அந்த எடத்துக்கு வேற ஆளப் போடணுமில்ல. அதுக்கு முன்ன உங்ககிட்ட கேட்டுட்டு வர்றேன்னாரு. 'டீச்சர் படிச்சவங்க, புள்ளைய தெனம் பாக்கறவங்க, அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான்'னாரு. பதினோரு மணிக்கா வருவாரு. அதான் நான் முந்திக்கிட்டு ஓடியாந்தேன்.

— எதுக்கு?

— அது குழிதான்னு சொல்லிடுங்க டீச்சர்.

— நானா! அடி போடி. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு போகணும் நான். ஃபாதர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்? பொம்மை விஷயமா ஒரு பொய் சொன்னேன், அதனால ஒருத்தரு மஸ்கட்டு போகலன்னா?

— ஃபாதர் சிரிப்பாரு.

— சிரிக்கட்டும். நாளைக்கு மழ பேஞ்சி உன் தார்ப்பாய் ஒழுகினா, மாயவன் என்னப் பாத்து 'நீங்க சொல்லித்தான டீச்சர் போகல'ன்னு கேட்டா? நான் நல்லதுதான் செய்யறேனா கெட்டதா செய்யறேனான்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு பொம்மைய எண்ணறதுலயே ஆயிரம் சந்தேகம்.

— தார்ப்பாய் இன்னொரு மழைக்குத் தாங்கும் டீச்சர். நான் தாங்க மாட்டேன்.

— அழாத. அழாதம்மா. இந்தா, முந்தானையால தொடச்சிக்க. அங்க கதவோரமா எட்டிப் பாக்கறது யாரு? பூவிழிதான? இங்க வா கண்ணு.

— என் அம்பாரத்த தொடாதீங்க.

— தொடலடி செல்லம். வா. அம்மாவும் டீச்சரும் சும்மா பாக்கறோம். இதுக்குள்ள யார வெச்சிருந்த?

— அப்பாவ.

— அப்பாவ ஏன் உள்ள வெச்ச?

— மழ வரப் போவுதில்ல.

— வந்தா?

— கரைஞ்சிடும்.

— அப்பா கரைஞ்சிடுவாரா? அப்பா என்ன, உப்பா?

— ஆமா. நக்கிப் பாத்தேன். கையில, கழுத்துல, எல்லாம் கரிக்குது.

— அம்மா?

— அம்மாவும் கரிக்கும். ஆனா அம்மா எங்கியும் போவல. அதான் வெளிய காவலுக்கு நிக்க வெச்சேன். அப்பா மழைக்கு முன்ன போறேன்னு சொல்லிச்சு. வழியில மழ புடிச்சிக்கும். அதான் மூடி வெச்சேன். பொங்கல் வந்தா பிரிச்சிடலாம். ஓலைய எடுத்துட்டு, அப்பாவ எடுத்துக்கலாம்.

— பாத்தியா அம்சவள்ளி, புள்ள மனச.

— நான் பாக்கல டீச்சர். பாத்தா மறுபடி அழுதுடுவேன்.

— இவ்ளோ அழகா மூட உனக்கு யாரு கண்ணு சொல்லிக் குடுத்தது? சின்னப்பாப்பா ஆயாவா?

— சொல்ல மாட்டேன்.

— பெரிய ரகசியம்! எல்லாம் பாத்துப் பாத்து கத்துக்குதுங்க. இது என்னிக்குடி செஞ்ச? புதன்கிழமையா?

— அப்பா கூப்புட வந்துச்சில்ல, அன்னிக்கு.

— ஆமா டீச்சர், புதன்கிழமைதான். அவருதான் மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போனாரு. ரொம்ப நேரம் ஆச்சே, எங்க போனீங்கன்னு கேட்டா, புள்ள தேங்கா பிஸ்கெட்டு கேட்டா, கடைக்குப் போனோம்னாரு. இவ அதத் தின்னுட்டு சோறே வேணாம்னுட்டா.

— அம்மா, அப்பா எங்க? உள்ள இல்லியே. ஆயா எடுத்துட்டுச்சா?

— எங்கிட்டதான் இருக்குது. இரு, அவுக்கறேன். டீச்சர், கோச்சிக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் இவகிட்டயே இருக்கட்டும். சாயந்தரம் பதினெட்டா எண்ணிக்கலாம். இந்தாடி. பத்திரமா வை.

— மீசைல மஞ்சள் ஒட்டிக்கிச்சி.

— ஒட்டட்டும். நல்லதுதான். பூவிழி, தோ பாரு, அப்பா இப்ப வரும். நீ இந்த அம்பாரம் கிம்பாரம்னு எதுவும் அப்பாகிட்ட சொல்லக் கூடாது. என்ன?

— சரி.

— சொல்லுவியா?

— சொல்ல மாட்டேன். நான் சொல்லவே மாட்டேன். அன்னிக்கும் சொல்லலியே.

— என்னிக்குடி?

— சொல்ல மாட்டேன்.

— நல்ல புள்ள. போய் உன் வேலையப் பாரு. டீச்சர், உங்களுக்குப் பொய் வேணாம். குழின்னு சொல்ல வேணாம். அம்பாரம்னு சொல்லாம மட்டும் இருங்க. அது பொய் இல்லல்ல?

— அது பொய் இல்ல. ஆனா உண்மையும் இல்ல. எனக்குத் தெரியலம்மா. அவரு கேட்டா, என் வாய்ல என்ன வருதோ அதுதான்.

— டீச்சர்! டீச்சர் இருக்கீங்களா? முன்னாடி யாரையும் காணோமே.

— வந்துட்டாரு. டீச்சர், கைய எடுத்துக் கும்புடறேன்.

— கைய எறக்கு மொதல்ல. மாயவன், பின்பக்கமா வாங்க! இங்கதான் நிக்கறோம்.

— வணக்கம் டீச்சர். அட, அம்சு, நீயும் இங்கதான் இருக்கியா? ஏன், கண்ணு செவந்திருக்குது?

— உப்புக் காத்துங்க.

— ம். இதுதானா டீச்சர் அது? ஐயையோ. இப்பதான் மொத மொதல்ல பாக்கறேன். நீங்களே சொல்லுங்க டீச்சர், இதப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?

— மாயவன், எனக்கு சகுனம் தெரியாது. உப்பளமும் தெரியாது. தெரியாத விஷயத்துல வாய விட்டு பழக்கமும் இல்ல. ஒண்ணு மட்டும் தெரியும். இந்தப் புள்ளைக்கு நீங்க எங்கியும் போகக் கூடாது. அதத்தான் இப்படி செஞ்சி வெச்சிருக்கா. இது சத்தியம். இதுக்கு மேல என்னக் கேக்காதீங்க.

— போதும் டீச்சர். நீங்க இவ்ளோ சொன்னதே போதும். என்ன அம்சு இது, இப்படி ஆயிடுச்சி? எனக்கு போகணும்னு எவ்ளோ ஆசைன்னு உனக்கே தெரியும். பெட்டி கூட கட்டிட்டேன்.

— எனக்கும் அனுப்பணும்னு எவ்ளோ ஆசைங்க. என்ன பண்றது. புள்ள கையால வந்துடுச்சி.

— மீறிப் போகலாம். நான் ஒண்ணும் பயந்தவன் இல்ல.

— ஐயோ, அப்படியெல்லாம் பேசாதீங்க!

— சரி சரி, பேசல. அப்ப வேற வழியே இல்லங்கற?

— வேற வழியே இல்லங்க.

— தளம்?

— தார்ப்பாய் தாங்கும்.

— உங்க அண்ணன் எதுனா சொல்லுவானே. வரப்பத் தாண்டல, கடல எங்க தாண்டுவான்னு.

— சொல்லிப் பாக்கட்டும். அவன் பல்லு இருக்காது.

— அப்ப பாய்க்கு போனப் போட்டுடறேன். பாவம், எவ்ளோ அலைஞ்சாரு. வீட்டுல கெட்ட சகுனமாப் போச்சின்னு சொன்னா புரிஞ்சிக்குவாரு. மனசே சரியில்ல டீச்சர் எனக்கு.

— எனக்கும்தான் டீச்சர்.

— ஆமாமா. ரெண்டு பேரு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

— அப்பா.

— இரு பாப்பா, அப்பா போன் பேசணும்.

— அப்பா, இங்க பாரு. நீ வெட்டிக் குடுத்த வாய்க்காவ ஆயா மிதிச்சிடுச்சு. இன்னொரு வாட்டி வெட்டிக் குடு. பிஸ்கெட்டு வாங்கிக் குடுத்தா இந்த வாட்டியும் அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்.